பாயில் ஏறிய பூரான்

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்து வீட்டில், யன்னல் கம்பிகளின் நிழல் விழுந்த பாயில் மூன்று மாதக் குழந்தை தூங்குகிறது. அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் ஓடிவந்து குழந்தையின் துணி மடிப்புக்குள் புகுகிறது. தட்டிவிடக் கை நீட்டிய தாய் பஹ்மியா அப்படியே உறைந்து நிற்கிறாள். கரப்பானைத் துரத்திக்கொண்டு ஒரு சாண் நீளப் பூரான் பாயில் ஏறுகிறது. "தொடாத! சீண்டினா புள்ளயக் கடிச்சிரும்," என்கிறான் வாசலில் நிற்கும் கணவன் இல்ஹாம். பூரான் குழந்தையின் தொடையில் ஏறுகிறது. அதன் கால்கள் ஒவ்வொன்றாகத் தோலில் பதிந்து எழுவது தெரிகிறது. உறக்கத்திலேயே குழந்தை முழங்காலை மடக்குகிறது. பூரான் நின்று மீசையால் துழாவுகிறது. வெளியே படகின் எஞ்சின் இரைகிறது. சட்டென்று கரப்பான் துணியிலிருந்து தெறித்து ஓட, பூரான் வளைந்து அதன் பின்னங்காலைக் கவ்வுகிறது. அந்தக் காலைக் கழற்றி விட்டுவிட்டுக் கரப்பான் சுவர் வெடிப்புக்குள் மறைகிறது. பஹ்மியா குழந்தையை வாரித் தூக்கி உடம்பெல்லாம் தடவிப் பார்க்கிறாள். ஒரு கடியும் இல்லை. "பூரான் எங்க போன?" என்று கேட்கிறாள். இல்ஹாம் பாயைப் பார்க்கிறான், அலுமாரியைப் பார்க்கிறான். "நான் புள்ளயத்தான் பாத்துக்கிட்டு நிண்டன்," என்கிறான்.