தந்த ஸ்ட்ரைக்கர்

"இது அசல் யானைத் தந்தம்னு வீடியோவுல பேசினது நீங்கதானே?"

செல்போனை நீட்டிக் கேட்டவர் வனத்துறை அதிகாரி சுகிர்தம். பின்னால் காக்கி உடையில் ஒரு காவலர் நின்றார். தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் நான்கு போர்டிலும் ஆட்டம் நின்றுபோனது.

செல்போனுக்குள் நீலமேகம் சிரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் பால் நிறத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர். "பர்மா யானை மாமு! எங்கப்பா ஹார்பர்ல ஒரு கப்பல் கேப்டனை ஜெயிச்சு வாங்கினது. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு அப்பால ஆடு!"

நேரில் நின்ற நீலமேகத்துக்கு அந்தச் சிரிப்பில் கால்வாசிகூட வரவில்லை.

"மூஞ்சி என்னுதுதான் மேடம். பேசினது என் வாயி. அதுக்கும் எனக்கும் ரொம்ப வருஷமா ஒத்துப்போவறதில்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுகிர்தம் சிரிக்கவில்லை.

"தந்தம்னா என்னன்னு தெரியுமா? யானையோட பல்லு. அதுல ஒரு பங்கு மண்டைக்குள்ள இருக்கு. முழுசா வேணும்னு யானையையே கொன்னு எடுக்கறாங்க. சீப்பு, வளையல், செஸ் காய், பியானோ கட்டைன்னு எல்லாத்துக்கும் இழைச்சாச்சு. இப்ப உங்க கேரமுக்கும் ஒண்ணா? சர்டிஃபிகேட் இல்லாம வெச்சிருந்தா மூணு வருஷத்துக்குக் குறையாது."

நீலமேகத்தின் மகள் மகிழினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். எர்ணாவூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்து நான்கு நாள்தான் ஆகிறது. பெண்ணின் அப்பா யானைத் தந்தக் கேஸில் உள்ளே போனால் அந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

நீலமேகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து போர்டின் மேல் வைத்தார்.

"உண்மைய சொல்லிடறேன் மேடம். இது பிளாஸ்டிக்கு."

கிளப்பே வாயைப் பிளந்தது.

"எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினாரு. கேப்டனும் இல்ல, பர்மாவும் இல்ல. நான் ஒரு டுபாக்கூரு. எனக்கு ஆட்டம் சுமாராத்தான் வரும். எதிர்ல குந்திகினு கீறவன், தந்தம்னு சொன்னதும் கை நடுங்கி ரெட் காயைக் கோட்டை வுடுவான். நான் போட்டுடுவேன். அதோ அலமாரியில கீதே கப்பு, அதுல ஒண்ணுகூட என் வெரலு ஜெயிச்சது இல்ல. எல்லாம் என் பீலா ஜெயிச்சது. யானைய நான் பார்த்ததே ஒரு தபாதான், வண்டலூர்ல. அது காதை ஆட்டினதுக்கே பொண்டாட்டி பின்னால போயி ஒளிஞ்சிகினேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நீலமேகமும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கும்போதே மானம் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. போகட்டும், மகிழினிக்காகப் போகட்டும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உசேன் முன்னால் வந்தார். பெயிண்ட் கடைக்காரர். முப்பது வருஷமாக நீலமேகத்திடம் தோற்பதையே வேலையாக வைத்திருப்பவர் என்று கிளப்பில் அவருக்குப் பெயர்.

"மாமு சொல்றது கரீட்டு மேடம். எங்க வாப்பா வண்ணாரப்பேட்டையில விளையாட்டுச் சாமான் கடை வெச்சிருந்தாரு. அங்கதான் இவரு அப்பா இத வாங்கினாரு. பொட்டலம் கட்டிக் குடுத்ததே நான்தான்."

நீலமேகம் உசேனை நன்றியோடு பார்த்தார். எத்தனை கேலி செய்திருக்கிறோம் இவனை என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"வாயால சொன்னா போதாது" என்று சுகிர்தம் பையிலிருந்து ஊசியும் லைட்டரும் எடுத்தார். "தந்தமா இருந்தா, சுட்ட ஊசி உள்ள இறங்காது. பிளாஸ்டிக்னா இறங்கிடும்."

நீலமேகத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"வோணாம் மேடம்! ஓட்டை வுழுந்தா ஸ்ட்ரைக்கர் நேரா ஓடாது. ஆடறவனே கோணலு!"

ஊசி சிவந்தது. நீலமேகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுர்ரென்று ஒரு சத்தம். பக்கெட் கருகிய மாதிரி ஒரு நாற்றம்.

"பிளாஸ்டிக்தான்." சுகிர்தம் முதல்முறையாகச் சிரித்தார். "இனிமேலாவது அந்த வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க."

ஜீப் கிளம்பியதும் கிளப்பில் ஒரே விசில். உசேன் டீ வாங்கி வந்தார். நீலமேகம் ஸ்டூலைவிட்டு எழவே இல்லை. ஸ்ட்ரைக்கரில் விழுந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இன்னா மாமு? கேசும் இல்ல, ஜெயிலும் இல்ல. பாப்பா கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கப்போவுது. எதுக்கு அழுவுற?"

"உசேனு, எங்கப்பா சாவுற நேரத்துல இத என் கையில வெச்சி, 'தந்தம்டா, பத்திரம்'னு சொல்லிட்டுப் போனாரு. அந்தம்மாவாண்ட பிளாஸ்டிக்குன்னு சொன்னேனே, ஊசி எறங்குற வரிக்கும் அதுதான் நான் வுட்டதுலயே பெரிய பீலான்னு நெனைச்சிகினு இருந்தேன். நீயும் எனக்கோசரம் பொய் சொல்றேன்னு நெனைச்சேன்."

உசேன் டீ கிளாஸை அவர் கையில் வைத்தார்.

"பொட்டலம் கட்டும்போதே, 'என் புள்ளையாண்ட சொல்லிடாத'ன்னு உங்கப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு மாமு. இல்லன்னா முப்பது வருஷமா கை நடுங்குற மாதிரி நடிச்சி உன்னாண்ட தோத்துகினு இருக்க எனக்கு இன்னா தலையெழுத்து?"