பதினைந்தாயிரம் கிலோமீட்டர் உத்தரவாதம்

"எந்த வண்டியில போயிட்டிருக்கீங்க? அத முதல்ல சொல்லு!"

போனில் மனைவிக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்து வீட்டு டீச்சர் கார்லதாங்க. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும்னுட்டாங்க. நம்ம பொண்ணுக்கு வலி தாங்கல, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. மலை மேல பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். நீங்களும் உடனே கிளம்பி வாங்க."

"டீச்சர் காரா? ஐயோ, நிறுத்தச் சொல்லு! வேற வண்டி பிடி!"

"என்ன பேசறீங்க நீங்க? பாதி மலை ஏறியாச்சு. இங்க ஏது வேற..."

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது.

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. பிரேக் பிடிக்காத வண்டியையே விசில் அடித்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கிற ஆள். இப்போது திரும்பத் திரும்ப அதே நம்பரை அழுத்திக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" கூட வேலை செய்யும் மைத்துனன் ஒரு காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"மாப்ள, நாலு மாசம் முன்னாடி டீச்சர் காருக்கு எந்த ஆயில ஊத்தினோம்?"

"இதென்ன கேள்வி? பின்னாடி டிரம்ல இருந்ததத்தான். நீங்கதானே வடிகட்டி, புது டின்ல அடைச்சு..." சொல்லிக்கொண்டே வந்தவன் மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன், என்னாச்சு?"

"அந்தக் கார்லதான் உங்க அக்கா மகளப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

வெளியே வந்த மைத்துனன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. 'நீண்ட நாள் உழைக்கும் சிந்தெடிக் ஆயில். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழைய ஆயில் மறுசுழற்சிக்கு அனுப்பப்படும்.' அதைப் படித்துவிட்டுத்தான் டீச்சர் வந்தார்.

"அடிக்கடி மாத்த வேண்டாம், கழிவும் குறையும். ரொம்ப நல்ல விஷயம். பழசு ஒரு சொட்டுகூட வாய்க்கால்ல போகக்கூடாது, என்ன?" என்று வகுப்பில் பேசுவதுபோல விரலை ஆட்டிச் சொன்னார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஆட்டிவிட்டு என்ன செய்தார்? ஊரார் வண்டிகளில் வடித்த கறுப்பு ஆயிலைத் துணியில் வடிகட்டினார். காலி சிந்தெடிக் டின்னில் அடைத்து டீச்சர் காருக்கு ஊற்றினார். டிரம்மின் அடியில் தங்கிய கசடை வாய்க்காலில் கவிழ்த்தார். பானெட்டுக்குள் போவதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

"சாதா ஆயில்னு சொல்லியிருந்தாக்கூட அஞ்சாயிரத்துல மாத்தியிருப்பாங்க மாமா. நாமதான் பதினஞ்சாயிரம் வரைக்கும் கவலையே படாதீங்கன்னோம்." மைத்துனன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அந்த ஏத்தத்துல எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா..."

"வாய மூடுடா!"

பைக்கை உதைத்துக் கிளப்பினார். ஹெல்மெட் மாட்டக்கூடத் தோன்றவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நடுவழியில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் இறுகும், ஏற்றத்தில் கார் பின்னால் உருளும். மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இவருக்குத் தெரியும், அதுதான் கொடுமை. கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார்.

நாலாவது வளைவில் ஒரு வெள்ளைக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளேயிருந்து புகை. சுற்றிலும் கூட்டம்.

டீச்சர் காரும் வெள்ளைதான்.

பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். காருக்குள் யாரோ ஒரு வக்கீலும் அவர் மனைவியும் விசிறிக்கொண்டிருந்தார்கள். "நீங்க மெக்கானிக்கா? சட்டையைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. கொஞ்சம் பாருங்களேன்," என்றார் வக்கீல். வந்த கிராக்கியை ஒரு நாளும் விட்டிராத மனிதர், பதில் சொல்லாமல் திரும்பி ஓடி பைக்கை நிமிர்த்தினார்.

ஆஸ்பத்திரிப் படியில் மனைவி நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"பேத்திங்க! வந்து சேர்ந்த கால் மணி நேரத்துல பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னே சொல்ல முடியாதுன்னாங்க டாக்டரம்மா."

பேத்தியைப் பார்க்க உள்ளே போயிருக்க வேண்டியவர், கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார். டீச்சர் கார்க் கதவைத் திறந்து வைத்து, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், பானெட்ட ஒரு தடவ திறங்க."

ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி முக்கி எடுத்தார். கம்பியின் நுனியில் தேன் நிறத்தில் தெளிவாக மின்னியது. அதையே வெறித்துப் பார்த்தார்.

"டீச்சர்... இது நான் ஊத்தின ஆயில் இல்லையே?"

டீச்சர் எழுந்து வந்தார். "இல்லைங்க. மறுநாளே வேற இடத்துல மாத்திட்டேன். உங்களுதக் கேன்ல பிடிச்சு, நானே மறுசுழற்சி பண்றவங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

மைத்துனன்தான் எங்கோ உளறியிருக்கிறான். "யாரு டீச்சர் சொன்னா உங்களுக்கு?"

"உங்க பொண்ணுதான், நீங்க ஊத்தின அன்னிக்கு சாயங்காலமே. இன்னிக்கு அவ்வளவு வலியிலயும் கார்ல ஏற மாட்டேன்னு கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா. 'அப்பா ஊத்தின ஆயில் இதுல இல்லன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்'னு அவங்கம்மா காதுல விழாம கேட்டா. நான் பண்ணின பிறகுதான் ஏறினா."