மலை தெரியும் தூரம்

மலை இருந்தது.

வலது கண்ணில் வியர்வை இறங்கி எரிந்ததால் அதை மூடிக்கொண்டு, இடது கண்ணைத் திறந்திருந்தாள். ஓடுபாதைக்கு அப்பால், உப்பளங்களுக்கும் பின்னால், மலை. அதன் உச்சியில் செல்போன் டவர்.

மலை ஆறு கிலோமீட்டர்.

சற்றுமுன் அவள் பதிவேட்டில் எழுதியது மூவாயிரம் மீட்டர்.

இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்தாள். மலை போய்விட்டது. அது நின்ற இடத்தில் அரிசி கழுவிய நீர் போல ஒரு மங்கல்.

மாற்றினாள். வந்தது.

மாற்றினாள். போனது.

பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் இன்னொரு முறை மாற்றிப் பார்த்திருந்தாள்.

பதினான்கு வருடமாக இந்தச் சிறிய விமான நிலையத்தின் மாடியில் நின்று, அரைமணிக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எழுதுகிறாள். தண்ணீர்த்தொட்டி தெரிந்தால் ஒன்றரை கிலோமீட்டர். நூற்பாலைப் புகைபோக்கி தெரிந்தால் மூன்று. மலை தெரிந்தால் ஆறு. எப்போதும் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பாள். யாரும் சொல்லித்தந்ததில்லை. ஊசியில் நூல் கோப்பவளைப் போல அப்படியே பழகிவிட்டது.

ஓடுபாதையோரம் வெள்ளைக் கம்பத்தில் தானியங்கிக் கருவி. தை மாதத்திலிருந்து சோதனையில் இருக்கிறது. அதுவும் தூரம் சொல்லும். சோதனை முடியும்வரை விமானிக்குப் போவது அவள் எண்தான். அது மிகவும் குறைந்தால் விமானம் இறங்காது. இரண்டு எண்களும் ஒத்துப்போனால் கருவி மட்டும் போதும் என்று ஆகிவிடும். அவளை எங்காவது வடக்கே மாற்றிவிடுவார்கள்.

ஒத்துப்போகவில்லை. அதனால் நிம்மதியாக இருந்தாள்.

படியில் காலடிச் சத்தம். கருவியைப் பராமரிக்கும் சேர்மத்துரை, கையில் ஒரு காகிதத்தோடு.

“மூணு மட்டம் லென்ச தொடச்சாச்சுக்கா. இன்னும் ஆறாயிரம்னே நிக்கி. கழுத, பொய் சொன்னாலும் ஒரே பொய்யாச் சொல்லுது.”

காகிதத்தை நீட்டினான். கருவியின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

“போட்டுருங்க. அத பெட்டியில ஏத்திருவோம். நீங்க இங்கனயே இருக்கலாம். என்னத்தான் ஆபீஸ்ல வறுத்தெடுப்பாங்க.”

“சேர்மா, மலை தெரியுதா?”

அவன் மலையைப் பார்த்தான். பிறகு பதிவேட்டைப் பார்த்தான்.

“நீங்க மூவாயிரம்னு போட்டிருக்கீங்கள்லா.”

“உன் கண்ணுக்குக் கேட்டேன்.”

“தெரியுதுக்கா. நேத்தும் தெரிஞ்சுது. நீங்க இல்லன்னு எழுதுனீங்க. சரி, இதுக்கு வேற கணக்கு இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.”

அவள் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒவ்வொரு வரியிலும் அவள் எண்ணும் பக்கத்தில் கருவியின் எண்ணும். ஆனியில் நாலாயிரம், ஆறாயிரம். சித்திரையில் ஐயாயிரம், ஆறாயிரம். மாசி முதல் வாரத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

மாசி பன்னிரண்டு, காலை எட்டு. அன்றுதான் முதன்முதலாக அவள் எண் ஐந்நூறு குறைகிறது.

வெயில்காலத்துப் புழுதி என்று நினைத்திருந்தாள்.

அந்த வரியில் விரலை வைத்தபடி இருந்தாள். வானத்தை எழுதுவதாக எண்ணிக்கொண்டு, அரைமணிக்கு அரைமணி, தன் கண் மங்கிக்கொண்டு வந்ததை எழுதியிருக்கிறாள். தெளிவான கையெழுத்து. ஒரு நாள்கூட விடவில்லை.

விரல் கீழே இறங்கியது. போன செவ்வாய். அவள் எண் இரண்டாயிரத்து ஐந்நூறு. அன்று விமானம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, இறங்காமல் வந்த வழியே திரும்பியது. கருவியின் எண் ஐயாயிரத்து ஐந்நூறு.

அந்த வரியில் விரலை வைத்திருக்க முடியவில்லை.

ஒன்பதரை ஆகிவிட்டது. காலை விமானம் வரும் நேரம்.

கைப்பிடிச் சுவரருகே போய் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். ஆறாயிரம் என்று எழுதினாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் செய்து அதையே சொன்னாள்.

காகிதத்தை மடித்து சேர்மத்துரையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பெட்டியெல்லாம் வேண்டாம். அது சரியாத்தான் சொல்லுது.”

“அப்போ நீங்க?”

அவள் மலை இருந்த மேற்குப் பக்கம் திரும்பினாள். இந்த முறை இடது கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிளேன் உன் கண்ணுக்குத் தட்டுப்பட்டதும் சொல்லு.”

“எதுக்குக்கா?”

“சொல்லேன்.”

காற்றில் உப்பு மணந்தது. மங்கலுக்குள் ஒன்றுமில்லை. அது அசைவதாகவும் இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதை ஒருநாளும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

“அந்தா வருது. மலைக்கு நேரா மேல.”

அவள் எண்ணத் தொடங்கினாள்.

பத்து. இருபது. முப்பது.

சேர்மத்துரை விமானத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொன்றில் சத்தம் கேட்டது. மங்கலில் இன்னும் எதுவும் தெரியவில்லை.

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.