ஒப்படைக்க வேண்டிய போன்

மிக்கேலை விசாரணைக்கென்று கூட்டிப்போன அன்று மாலை, அவன் மனைவி சகாயராணி காவல் நிலையத்துக்கு போன் செய்தாள். "உன் புருஷன் இங்கதாம்மா சாப்பிட்டுக்கிட்டிருக்கான். காலையில அனுப்பிருவோம்" என்றார் ஏட்டு. மறுநாள் நேரில் போனபோது, அப்படி யாரையும் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அவள் பதிவு செய்திருந்த பேச்சைப் போட்டுக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, "போலீஸ் பேசுறத ரெக்கார்டு பண்ண உனக்கு யாரு உரிமை குடுத்தது?" என்றார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

"நீங்க பேசினத நீங்க பதிவு பண்ணலாம்க்கா" என்றாள் வக்கீல் செண்பகவல்லி. "ஆனா போனை கோர்ட்டுல ஒப்படைச்சிரணும்."

"எப்ப திரும்பக் கிடைக்கும்?"

"கேஸ் முடியணும்க்கா."

சகாயராணி தலையாட்டினாள். அழுகை வரவில்லை. நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பிறகு அந்தப் பதிவைப் போட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். ஏட்டின் குரலுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, மிக்கேல் இருமினான். செண்பகவல்லி கை நீட்டினாள்.

"இரும்மா" என்று சொல்லிவிட்டு, சகாயராணி மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.