இரண்டா, மூன்றா?

"மூணுலேர்ந்து ரெண்டா? அதுவும் உன் மாமனார் கையாலயா?"

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தம்பியின் ஃபோனில் போலோ சங்கத்தின் அறிவிப்பு. அதைத் தெரியாத்தனமாக அவள் பார்வையில் படும்படி வைத்துவிட்டு, அவன் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

குதிரைமேல் ஏறிப் பந்தடிக்கும் போலோவில், திறமைக்கேற்ப ஆளுக்கோர் எண் உண்டு. அடிமட்டத்துக்கு மைனஸ் இரண்டு, உச்சத்துக்குப் பத்து. வருடா வருடம் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து ஏற்றும், இறக்கும். குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, தம்பியின் மாமனார்தான்.

"விடுக்கா. பெரிய விஷயமில்ல."

"பெரிய விஷயமில்லையா? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. பொண்ணையும் குடுத்துட்டு மானத்தையும் வாங்குறாரா? நீ வேணா மென்னு முழுங்கு. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

கிடையாதுதான். ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைப்பது அக்காவின் வேலை. ஒருமுறை சொந்தப் புருஷனே தேர்வுக்கு வந்து நின்றார். அன்று டியூட்டியில் வேறு ஆளில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது லேசாக, ரொம்ப லேசாகக் கம்பத்தில் உரசிவிட்டார். ஃபெயில். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா அசையவில்லை.

"ஆட்சேபம் இருந்தா நாளைக்குள்ள சொல்லணுமாம். நான் போய்ச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம்க்கா! தயவுசெஞ்சு..."

"நீ வாயை மூடு."

அம்மா இல்லாத குறை தெரியாமல் அவனை வளர்த்தவள். அவள் வாயை மூடச் சொன்னால் மூடித்தான் பழக்கம்.

மறுநாள் சங்கத்து அறையில் அவளைப் பார்த்ததும் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க சம்பந்தி, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ குடிக்க வரல. ஒரு வீடியோ காட்டணும். என் தம்பி கடைசியா ஆடின ஆட்டம்."

மேசைமேல் ஃபோனைச் சாய்த்து வைத்தாள். மற்ற இரண்டு உறுப்பினர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"எனக்கு போலோ தெரியாது. ஆனா ஓட்டத் தெரிஞ்சவன் யாரு, தெரியாதவன் யாருன்னு சொல்றதுதான் என் பொழப்பு. இங்க பாருங்க. முழு வேகத்துல பந்தை விரட்டிட்டுப் போறான். வலப்பக்கம் எதிர் டீம் ஆளு வர்றான். அவனுக்குத்தான் வழி. சரியா?"

"சரி," என்றார் ஓர் உறுப்பினர்.

"இவன் பாதையை வெட்டினானா? இல்ல. ஒதுங்கி வழி விட்டான். வேகத்தைக் குறைக்கல. சுத்தி வந்து அதே பந்தைத் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமா அடிச்சான். அது நேராப் போய்க் கூட்டாளி முன்னால விழுந்துச்சு. அதுவும் இரவல் குதிரையில! ரெண்டாம் நம்பர்க்காரன் செய்யிற காரியமா இது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சம்பந்தி."

தலைவர் நெஞ்சைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொந்தக்காரன்னா சலுகை காட்ட வேணாம். நான் கேக்கல. ஆனா இருக்கிறதை இருக்கிற மாதிரி போடுங்க. அதைத்தான் கேக்கறேன்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.

"நீங்க கேட்டது நியாயம் சம்பந்தி. நான் செஞ்சதுதான் தப்பு. மன்னிச்சிடுங்க," என்றார்.

பெரிய மனுஷன் மன்னிப்பே கேட்டுவிட்டார்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடி வந்தாள். தம்பி வராந்தாவில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான்.

"மூணு போட்டாச்சுடா! உங்க அக்காவா, கொக்கா?"

தம்பி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு."

"என்னடா போச்சு?"

"பெரிய போட்டிக்கு ஒரு டீம்ல என்னைக் கூப்பிட்டிருந்தாங்கக்கா. நாலு பேர் நம்பரையும் கூட்டினா பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. மத்த மூணு பேருக்கே பத்து ஆயிடுச்சு. மிச்சம் ரெண்டு. நான் ரெண்டா இருந்தாத்தான் எனக்கு அங்க இடம்."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவள் வேலையில் நான்கு டிரைவர்களைக் கூட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை.

"அப்போ உன் மாமனார் உன்னை இறக்கினது..."

"எனக்காகத்தான். வேற யாருக்கும் அவர் வளைஞ்சு குடுத்ததே இல்லைக்கா. மாப்பிள்ளைக்காக இந்த ஒரு தடவை..."

சின்ன வயதில் துடைப்பக் கட்டையில் ஏறிக்கொண்டு, வீடு முழுக்கப் பந்தை விரட்டியவன். அந்தப் போட்டிக்காகத்தான் இத்தனை பாடும்.

"இன்னும் கையெழுத்து ஆகியிருக்காதுக்கா. உள்ள போயி, 'நான்தான் தப்பாப் பார்த்துட்டேன், ரெண்டே இருக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேன்."

கதவு பக்கத்தில்தான் இருந்தது. அக்கா போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

பிறகு கையை எடுத்துவிட்டு வந்து, தம்பியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"உங்க அத்தான் இன்னும் பஸ்லதான்டா ஆபீஸ் போறாரு. எந்திரி, போகலாம்."