ஓடைக்கு வந்த லாரி

"அந்தக் குழாயக் கீழ போடுடா!"

அன்னக்கிளி போட்ட சத்தத்தில், கழிவுநீர் லாரியின் பின்னால் நின்றவன் திடுக்கிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். விடிந்தும் மூடுபனி விலகவில்லை. ஓடைக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் லாரியைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடியதிலிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. குடிக்க, சமைக்க எல்லாம் இந்த ஓடைதான். ஆண்கள் ஆளுக்கொரு ஊராகப் பிழைக்கப் போய்விட்டார்கள்.

டிரைவர் இறங்கி வந்தான். "வழி விடுங்கம்மா. டவுன் லாட்ஜுல அள்ளுனத நாங்க எங்கதான் கொண்டுபோறது? இத்தன நாளா மேல வளைவுலதான் ஊத்துனோம். இன்னிக்கு அங்க ரோடு அடைச்சிட்டாங்க. இங்க வேண்டாம்னு இவனும் வழியெல்லாம் கெஞ்சிட்டுத்தான் வந்தான்."

"மேல ஊத்துனாலும் இங்கதானய்யா வருது!" என்றாள் பக்கத்து வீட்டுத் தெய்வம்மா. "லைன்ல புள்ளைகளுக்கெல்லாம் மஞ்சக்காமாலை. இந்த அன்னக்கிளி புள்ள ஆஸ்பத்திரில கெடக்குது."

குழாயைப் பிடித்திருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். துண்டால் முகத்தைக் கண்வரை சுற்றியிருந்தான்.

அன்னக்கிளி அவனிடம் போனாள். "கேட்டியாடா? ஆறு வயசுப் பொண்ணு. கண்ணெல்லாம் மஞ்சளா, சோத்தக் கண்டாலே வாந்தி எடுக்குது. எல்லாம் நீ ஊத்துன தண்ணி!"

அவன் கையிலிருந்து குழாய் நழுவி விழுந்தது.

"வாயத் தொறந்து பேசுடா!"

நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. மறுபடியும் குத்தினாள்.

"துண்ட அவுத்து மூஞ்சியப் பாரு அன்னக்கிளி. யாருன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லிரலாம்," என்று பின்னாலிருந்து தெய்வம்மா கத்தினாள்.

அன்னக்கிளி துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அடுத்த அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருடி அது?"

அவள் திரும்பவில்லை. அந்த முகத்தை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்து நின்றாள். துண்டை மெதுவாக மேலே ஏற்றி மூடி, பின்னால் முடிச்சை இறுக்கினாள்.

"தெரியலக்கா. வெளியூரு ஆளு. விடுங்க, போகட்டும்."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். டிரைவர் கொட்டாமலே வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஏறப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் அன்னக்கிளி சொன்னாள்:

"நீங்க திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கீங்கன்னுதான் நாங்க நெனச்சுட்டிருந்தோம். குளிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க... அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுட்டே கெடக்குது புள்ள."