நான்கு நாற்காலிகள்

நிலத் தகராறுகள் ஊர் மன்றத்துக்கே சொந்தம் என்று ஆனபின், ஒரு நிலத்துக்கு அதன் நான்கு பக்கத்துக்காரர்களே நீதிபதிகள். வெளியே எந்தக் கோர்ட்டும் அதைத் தொடாது.

கிழக்குப் பக்கத்து ஹரிஷ் வரப்பைத் தள்ளிப் போட்டுத் தன்யஸ்ரீயின் கிணற்றை வளைத்துக்கொண்டான். கிணறு போனால் அவள் நிலம் தரிசுதான். மற்ற மூவரும் அவள் பக்கம் என்பதால் தைரியமாகப் புகார் கொடுத்தாள். அறுப்பு முடியட்டும் என்று விசாரணையைத் தள்ளிவைக்கச் சொன்னவளும் அவள்தான். அதற்குள் மூவரும் நிலத்தை விற்றுவிட்டார்கள்.

விசாரணையன்று நான்கு நாற்காலிகளுக்கும் சேர்த்து ஹரிஷ் ஒருவனே வந்தான்.

"எல்லாத்தையும் நீங்களே வாங்கிட்டீங்களாண்ணே?"

"பக்கத்துலயே வெலைக்கு வந்தா விடுவாங்களா, தங்கச்சி?"

"அப்ப எனக்கு யாருண்ணே நியாயம் சொல்றது?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

மன்றச் சுவரில் இருந்த கணினித் திரை ஒவ்வொரு பக்கமாகத் தீர்ப்புக் கேட்டது. கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்து கிணறு தனக்கே என்றான். எழுந்து போய்த் தெற்கிலும் மேற்கிலும் உட்கார்ந்து அதையே சொன்னான். வடக்கு நாற்காலியில் மட்டும் சற்று யோசித்தான்.

"இந்த ஓட்டு உனக்குத்தாம்மா" என்றான். "ஒருதலைப்பட்சமா தீர்ப்புச் சொல்லிட்டாங்கன்னு நாளைக்கு யாரும் பேசிடக்கூடாது பாரு."